ஸ்லாஷ் 4×4: 20 கிலோ சர்வோ போட்டதும் வண்டி நடுவில் செத்துப்போவது ஏன், 4 செல்லுக்குப் போக என்னென்ன மாற்றணும்

கேள்வி இதுதான்: டிராக்ஸாஸ் ஸ்லாஷ் 4×4 வி.எக்ஸ்.எல். என்ற ரிமோட் கன்ட்ரோல் (ஆர்.சி.) வண்டி, மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின் பெட்டி) கம்பெனியில் வந்தவை. 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பாட்டரி) போட்டாயிற்று. சக்கரத்தைத் திருப்பும் பழைய சர்வோவின் பல் உடைந்ததால் 20 கிலோ முறுக்குவிசை உள்ள மெட்டல் கியர் சர்வோவும் மாட்டியாயிற்று. இப்போது வேகமாக ஓட்டிக்கொண்டே திருப்பினால் வண்டி ஒரு நொடி செத்து, பிறகு உயிர் பெறுகிறது. பத்து நிமிடம் ஓட்டினால் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. அடுத்து 4 செல் போட ஆசை. எதை வாங்குவது?

முதலில் ஒரு எச்சரிக்கை. வண்டியோடு வந்த வி.எக்ஸ்.எல்.-3எஸ் ஈ.எஸ்.சி. 3 செல்லுக்கு மேல் தாங்காது. 4 செல் பாட்டரியைச் "சும்மா ஒரு தடவை" செருகிப் பார்த்தாலே போதும், உள்ளே கரண்ட்டைத் திறந்து மூடும் சில்லுகளான மாஸ்ஃபெட்டுகள் போய்விடும். ஈ.எஸ்.சி. மாறும் வரை 4 செல் பாட்டரியை வண்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. சூட்டுக்கும் செத்துப்போவதற்கும் காரணம் வேறு வேறு. இரண்டையும் சேர்த்து ஒரு பெரிய ஈ.எஸ்.சி. வாங்கித் தீர்க்கப் பார்த்தால் காசு போகும், பிரச்சினை பாதி அப்படியே இருக்கும். ஆர்.சி. வண்டியில் பாட்டரியிலிருந்து கரண்ட் போகும் வழி முழுக்க எந்த இடம் குறுகல் என்று பார்த்து, அங்கிருந்துதான் மாற்றத் தொடங்கணும்.

வண்டி சாவதில் மூன்று வகை உண்டு. மோட்டார் மட்டும் நின்று, ஸ்டியரிங் வழக்கம்போல் வேலை செய்தால் அது லோ வோல்டேஜ் கட்டாக (பாட்டரி வோல்டேஜ் இறங்கியதும் ஈ.எஸ்.சி. மோட்டாரை நிறுத்துவது) இருக்கும், அல்லது சூட்டினால் ஈ.எஸ்.சி. தன்னைத்தானே நிறுத்திக்கொண்டதாக இருக்கும். சூட்டுக் கட் பல நிமிட ஓட்டத்துக்குப் பிறகுதான் வரும், ஆறினால்தான் போகும். லோ வோல்டேஜ் கட் பாட்டரி தீரும் நேரத்தில் வரும். பாட்டரி மட்டமானதாக இருந்தால் முழு த்ராட்டில் கொடுக்கும்போது முன்கூட்டியே வரும். மூன்றாவது வகையில் மோட்டாரோடு ஸ்டியரிங்கும் சேர்ந்து சாகும், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரின் விளக்கு அணைந்து எரியும். அது ரிசீவருக்குக் கிடைக்கும் வோல்டேஜ் விழுவதால் வருவது. திருப்பும்போது மட்டும் நடக்கிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இந்த மூன்றாவது வகை.

ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தேவையான 6 வோல்ட்டைத் தருவது ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.இ.சி. என்ற சின்ன ரெகுலேட்டர். அது கூடவே வந்த 2075 சர்வோவை மனதில் வைத்துப் போட்டது; அந்த சர்வோவின் முறுக்குவிசை சுமார் 9 கிலோ. 20 கிலோ சர்வோ சக்கரத்தைத் திருப்ப முடியாமல் முட்டி நிற்கும்போது 2 முதல் 3 ஆம்பியர் இழுக்கும். 30, 35 கிலோ வகைகள் இன்னும் அதிகம். அந்த ஒரு கணத்தில் பி.இ.சி.யின் வோல்டேஜ் சரிந்து ரிசீவர் அணைந்து மறுபடி தொடங்குகிறது. உறுதிப்படுத்த வண்டியைச் சொரசொரப்பான தரையிலோ கம்பளத்திலோ நிறுத்தி, த்ராட்டில் தொடாமல் ஸ்டியரிங்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வேகமாக ஆட்டுங்கள். ரிசீவர் விளக்கு சிமிட்டினால் வேறு சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டரை நம்பி இருக்காதீர்கள். அது காட்டுவது சராசரி, இந்தச் சரிவோ கண் இமைக்கும் நேரம்தான்.

இதற்கு மருந்து தனி பி.இ.சி. 4 செல் வரை உள்ளீடு தாங்கக்கூடிய, தொடர்ந்து 5 ஆம்பியராவது தரக்கூடிய ஸ்விட்சிங் வகை ஒன்றை வாங்குங்கள். நாளைக்கு 4 செல்லுக்குப் போனாலும் உதவும். காசில் கிரியேஷன்ஸ் 10 ஆம்பியர் பி.இ.சி. பலரும் போடுவது. வேறு கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அட்டையில் போட்டிருக்கும் ஆம்பியர் உச்சபட்சமா தொடர்ச்சியா என்று படித்துப் பார்த்து வாங்கணும்.

இணைப்பு இப்படி. பி.இ.சி.யின் உள்ளீட்டு வயர்களை ஈ.எஸ்.சி.யின் பாட்டரி கனெக்டரிலேயே, சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர்த்து சால்டர் செய்யுங்கள். பாட்டரியைச் செருகி, ரிசீவரில் மாட்டும் முன்பே பி.இ.சி. வெளியீட்டில் மீட்டர் வைத்து 6.0 வோல்ட் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு பாட்டரியைக் கழற்றிவிட்டு, ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று வயர் பிளக்கை எடுத்து, நடுவில் இருக்கும் சிவப்பு வயரின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் லேசாகத் தூக்கி வயரை மட்டும் வெளியே இழுங்கள். அந்த முனையை மடித்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு மூடிவிடுங்கள். வெட்ட வேண்டாம், என்றாவது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். இந்த வயரைக் கழற்றாமல் விட்டால் இரண்டு ரெகுலேட்டர்கள் ஒரே லைனில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். அநேகமாக பலவீனமானது சூடாகிப் போகும். கடைசியாக பி.இ.சி.யின் வெளியீட்டு பிளக்கை ரிசீவரில் காலியாக இருக்கும் ஒரு சேனலில் செருகுங்கள்.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது. இப்படி இணைத்த பி.இ.சி.க்கு ஈ.எஸ்.சி. பட்டன் ஆஃப் செய்தாலும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டி முடித்ததும் பாட்டரியைக் கழற்றணும். ஒரு ராத்திரி விட்டுவிட்டால் லைப்போ மீட்க முடியாத அளவு இறங்கிவிடும்.

சர்வோ பெட்டியில் 7.4 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து பி.இ.சி.யை 7.4-க்கு ஏற்றத் தோன்றும். ரிசீவரும் அதைத் தாங்கும் என்று அதன் கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் 6 வோல்ட்டே போதும், இந்த வண்டி எடைக்கு 20 கிலோ சர்வோ 6 வோல்ட்டிலேயே தாராளம். ரிசீவரைத் தொடாமல் சர்வோவுக்கு மட்டும் அதிக வோல்டேஜ் கொடுக்க வழி உண்டு: சர்வோவின் சிவப்பு வயரை பி.இ.சி.க்கும், சிக்னல் வயரை ரிசீவருக்கும் கொண்டுபோய், கறுப்பு வயரை இரண்டுக்கும் பொதுவாக வைப்பது. அந்த முறையில் ரிசீவருக்கு வழக்கம்போல் ஈ.எஸ்.சி.யிலிருந்தே மின்சாரம் போகும், அதனால் ஈ.எஸ்.சி. பிளக்கின் சிவப்பு வயரைக் கழற்றக் கூடாது. கறுப்பு பொதுவாக இல்லாவிட்டால் சர்வோ தாறுமாறாக ஆடும்.

சர்வோ மாட்டியதிலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. சர்வோ அச்சில் மாட்டும் கையான ஹார்னைக் கழற்றி, மின்சாரம் கொடுத்து, ட்ரிம் பூஜ்யத்தில் வைத்து, சர்வோ நடுநிலைக்கு வந்த பிறகு ஹார்னை (25 பல் உள்ளது) நேராக மாட்டுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்டை (சர்வோ திரும்பும் எல்லையை) இரண்டு பக்கமும் குறைத்துக்கொண்டே வாருங்கள்; சக்கரம் முழுக்கத் திரும்பி நிற்கும்போது சர்வோ "ர்ர்ர்" என்று முனகக் கூடாது. முனகினால் அது முட்டிக்கொண்டே நிற்கிறது, கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். பாதிப் பேர் வண்டியில் பி.இ.சி. போதவில்லை என்று நினைப்பது உண்மையில் இதுதான்.

இனி சூடு. ஒரு சின்னக் கணக்கு போட்டால் எல்லாம் தெளிவாகிவிடும். வண்டியோடு வந்த வெலினியான் மோட்டார் 3500 கே.வி.; அதாவது சுமை இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3500 சுற்று. 2 செல்லில் 7.4 வோல்ட், 25,900 சுற்று. 3 செல்லில் 11.1 வோல்ட், 38,850 சுற்று. வண்டியில் 13 பல் பினியனும் (மோட்டார் ஷாஃப்ட்டில் உள்ள சின்ன கியர்) 54 பல் ஸ்பர் கியரும் (அதோடு சேரும் பெரிய கியர்) இருந்தால், டிஃப்பரன்ஷியல் விகிதத்தையும் சேர்த்து மோட்டார் சுமார் 11.8 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டயர் விட்டம் சுமார் 11 சென்டிமீட்டர். கணக்குப்படி 2 செல்லில் மணிக்கு 45 கிலோமீட்டர், 3 செல்லில் 68. காற்றும் உராய்வும் போக நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனால் பார்க்க வேண்டியது வேறு: அதே கியரில் 2-லிருந்து 3 செல்லுக்குப் போகும்போது சுற்று ஒன்றரை மடங்கு ஆகிறது, அந்த வேகத்துக்கு வண்டியைத் தள்ள மோட்டார் இழுக்கும் கரண்ட்டும் ஏறுகிறது. கரண்ட் இரண்டு மடங்கானால் வயரிங்கில் வெப்பம் நான்கு மடங்கு.

ஆகவே 3 செல் போட்டால் பினியன் பெரிதாக இருக்கவே கூடாது. 13-க்கு மேல் போட்டிருந்தால் முதலில் 13-க்கு இறக்குங்கள். 13-ஏ இருந்து, புல் தரையிலும் மணலிலும் ஓட்டுபவராக இருந்தால் 12 அல்லது 11. மேல் வேகம் கொஞ்சம் குறையும். கிளம்பும் துடிப்பு கூடும், சூடு வெகுவாகக் குறையும். ஒரு பினியன் விலை புது மோட்டார் விலையில் சிறு பங்குதான். இதை முதலில் செய்யாமல் ஹீட் சிங்க்கும் ஃபேனும் வாங்குவது வீண் செலவு.

பினியன் வாங்கும்போது 32 பிட்ச் (பல்லின் அளவு) என்று கேளுங்கள். சில கடைகளில் 0.8 மாட்யூல் என்பார்கள், இரண்டும் ஒத்துப்போகும். 48 பிட்ச் பினியன் பார்க்க அழகாக இருக்கும், இந்த ஸ்பர் கியரின் பல்லைத் தின்றுவிடும். துளை அளவும் முக்கியம்: வெலினியான் ஷாஃப்ட் 3.17 மில்லிமீட்டர். பெரிய மோட்டார்கள் பலவற்றில் 5 மில்லிமீட்டர். பினியனின் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) ஷாஃப்ட்டின் தட்டையான பக்கத்தில் உட்காரணும், நீல நிற திரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடணும். திரெட்லாக் பிளாஸ்டிக்கில் படக் கூடாது, பிளாஸ்டிக் விரிசல் விடும். பற்களுக்கு இடையே நோட்டுப் புத்தகத் தாள் ஒரு துண்டைக் கொடுத்து மோட்டாரை நெருக்கி இறுக்கி, தாளை உருவிவிடுங்கள். அவ்வளவு இடைவெளி போதும். ஸ்பர் கியரை முழுச் சுற்று கையால் சுற்றிப் பார்த்து, எந்த இடத்திலும் பிடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஸ்பர் கியர் நூறு சதவீதம் வட்டமாக இருக்காது.

பாட்டரியையும் கவனியுங்கள். அட்டையில் "5000 மில்லி ஆம்பியர் ஹவர், 50 சி" என்றிருந்தால் கணக்குப்படி 5 × 50, அதாவது 250 ஆம்பியர் தரணும். அந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். சி எண்ணுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. நல்ல சார்ஜர்கள் ஒவ்வொரு செல்லின் உள் எதிர்ப்பையும் மில்லி ஓமில் காட்டும், அதுதான் உண்மை பேசும் எண். ஒரு செல் 4 மில்லி ஓம் என்றால் 3 செல்லுக்கு 12. நூறு ஆம்பியர் இழுக்கும்போது 1.2 வோல்ட் பாட்டரிக்குள்ளேயே விழும். செல்லுக்கு 10 மில்லி ஓம் என்றால் 3 வோல்ட் விழுந்து, 300 வாட் வெப்பம் பாட்டரியை வேக வைக்கும். ஓடி வந்த பாட்டரி கொஞ்சமாவது உப்பியிருந்தால், அல்லது மூன்று செல்லில் ஒன்றின் எதிர்ப்பு மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்காக இருந்தால், அதை ஒதுக்கிவிடுங்கள்.

இதெல்லாம் செய்து முடித்தாலே வண்டி 3 செல்லில் ஒழுங்காக ஓடும். என் கருத்து, பெரும்பாலானவர்களுக்கு இது போதும். ஆனால் 4 செல் என்பது வெறும் வேக ஆசை என்றும் தள்ளிவிட முடியாது. சரியாகச் செய்தால் அது வண்டியைக் குளிர்ச்சியாக ஓட வைக்கும் வழியும்கூட.

காரணம் இது. 700 வாட் வேண்டும் என்றால் 11.1 வோல்ட்டில் 63 ஆம்பியர் ஓடணும், 14.8 வோல்ட்டில் 47 போதும். அதே வயர், அதே கனெக்டரில் வெப்பம் பாதியை ஒட்டிக் குறைகிறது. ஆனால் அதற்கு மோட்டாரின் கே.வி.யையும் இறக்கணும். 3500 கே.வி. மோட்டாரை முழு சார்ஜ் ஏறிய 4 செல்லில், அதாவது 16.8 வோல்ட்டில் விட்டால் 58,800 சுற்று. இந்த அளவு மோட்டார்களை சுமார் 50,000-க்கு மேல் போக விடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு; அதற்கு மேல் பேரிங் முதலில் கத்தும், பிறகு ரோட்டரின் காந்தம் கழன்று உள்ளேயே சிதறலாம். 4 செல்லுக்கு 2400 முதல் 3000 கே.வி. வரைதான் சரி. 2400 கே.வி. என்றால் 14.8 வோல்ட்டில் 35,520 சுற்று. இப்போதைய 3 செல் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. அதை ஒன்றிரண்டு பல் பெரிய பினியன் ஈடு கட்டும். பெரிய மோட்டாரின் முறுக்குவிசை அதைச் சிரமமில்லாமல் இழுக்கும். செல்லையும் கே.வி.யையும் சேர்த்து ஏற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஈ.எஸ்.சி.யும் மோட்டாரும் ஜோடியாக மாறணும். ஹாபிவிங் எஸ்ரன் மேக்ஸ்10 எஸ்.சி.டி. இந்த வண்டிக்கு ஏற்ற ஒன்று: 120 ஆம்பியர், 2 முதல் 4 செல், தண்ணீர் புகாத உடல், 6 அல்லது 7.4 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய பலமான பி.இ.சி. அதைப் போட்டால் பெரும்பாலும் தனி பி.இ.சி. தேவைப்படாது. அப்போது தனி பி.இ.சி.யை எடுத்துவிட்டு, பழைய ஈ.எஸ்.சி.யில் செய்ததுபோல் இதன் சிவப்பு வயரைக் கழற்றாமல், அப்படியே மாட்டணும். மோட்டாரில் 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 60 முதல் 70 மில்லிமீட்டர் நீளமுள்ள நான்கு துருவ வகை பாருங்கள். காசில் 1415, 2400 கே.வி. இந்த வண்டியில் நிறையப் பேர் போடுவது. அதன் ஷாஃப்ட் 5 மில்லிமீட்டர், பினியனையும் அதற்கேற்ப வாங்கணும். வாங்கும் முன் மோட்டார் உட்காரும் இடத்தின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

மோட்டார் மாட்டும்போது ஒரு சின்ன ஆபத்து: எம்3 ஸ்க்ரூ தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் முன் மூடியைத் தாண்டி உள்ளே போய் காப்பர் சுற்றைக் கிழிக்கும். புது மோட்டார் முதல் நாளே ஷார்ட் ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மோட்டார் ஓட்டைக்குள் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஸ்க்ரூ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஈ.எஸ்.சி.க்குச் சொல்லும் சென்சார் உள்ள மோட்டார் வேணுமா? மெதுவாகக் கிளம்பும்போது சென்சார் இல்லாத மோட்டார் கொஞ்சம் திக்கும், சென்சார் இருந்தால் வழவழவென்று கிளம்பும். ஆனால் சேற்றிலும் தண்ணீரிலும் அந்த மெல்லிய சென்சார் வயர்தான் முதலில் தகராறு செய்யும். இந்த வண்டியைத் தாவவிடுவதற்கும் ஓட்டுவதற்கும் சென்சார் இல்லாதது போதும். சென்சார் இல்லாததில் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் சரியாகிவிடும். சென்சார் உள்ளதில் ஏ-க்கு ஏ, பி-க்கு பி, சி-க்கு சி என்றுதான் போடணும், திசையை ஈ.எஸ்.சி. அமைப்பில் மாற்றணும்.

கனெக்டர் எக்ஸ்டி-60 என்றால் 60 ஆம்பியர் வகை; 3 செல்லில் நிதானமாக ஓட்ட ஓரளவு தாங்கும். 4 செல்லுக்கு எக்ஸ்டி-90 அல்லது ஈசி-5 போடுங்கள். எக்ஸ்டி-90 எஸ் என்ற வகையில் தீப்பொறி தடுக்கும் எதிர்ப்பு உள்ளேயே இருக்கும். ஒவ்வொரு தடவை செருகும்போதும் பட்டென்று பொறி பறந்து முனை கருகுவதைத் தவிர்க்கும். வயர் 12 கேஜ் சிலிக்கான்.

சால்டரிங்கில் பலர் தடுமாறுவது சூடு போதாமல்தான். 25 வாட் அயர்னில் 12 கேஜ் வயர் ஒட்டாது, மேலே உருண்டு நிற்கும். 60 வாட்டுக்கு மேல், அகலமான உளி முனை, 63/37 ஈயக் கம்பி, கொஞ்சம் ஃப்ளக்ஸ். வயருக்கும் கப்புக்கும் தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து உருக்குங்கள். அயர்னை எடுத்த பிறகு ஈயம் பளபளப்பாகக் கெட்டியாகும் வரை வயர் அசையக் கூடாது; மங்கலாகச் சொரசொரப்பாக இருந்தால் மறுபடி உருக்கணும். ஜோடிக் கனெக்டரின் மறுபாதியைச் செருகி வைத்துக்கொண்டு சால்டர் செய்யுங்கள், பிளாஸ்டிக் இளகினாலும் பின் நகராது. ஹீட் ஷ்ரிங்கை முதலிலேயே வயரில் கோத்துவிடணும். பாட்டரிப் பக்கம் கனெக்டர் மாற்றும்போது ஒரு வயரை வெட்டி, சால்டர் செய்து, மூடி முடித்த பிறகுதான் அடுத்த வயரில் கத்தரி படணும். இரண்டையும் ஒரே கத்தரிப்பில் வெட்டினால் கத்தரி வழியாகவே ஷார்ட் ஆகி உலோகம் தெறிக்கும்.

பாட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் இடையே வயரை நீட்டாதீர்கள். நீளம் கூடினால் வோல்டேஜ் அலை கூடி, ஈ.எஸ்.சி.யின் கெபாசிட்டர்கள் சூடாகி வெடிக்கும். ஈ.எஸ்.சி.யை நகர்த்த வேண்டியிருந்தால் மோட்டார் பக்க வயரை நீட்டிக்கொள்ளலாம்.

எல்லாம் மாட்டியதும் நான்கு சக்கரமும் தரையில் படாமல் வண்டியை ஒரு டப்பா மேல் வையுங்கள். டிரான்ஸ்மிட்டரை முதலில் ஆன் செய்து, ஈ.எஸ்.சி.யின் கையேட்டில் உள்ளபடி நடுநிலை, முழு த்ராட்டில், முழு பிரேக் மூன்றையும் பதிவு செய்யுங்கள். பஞ்ச் என்ற கிளம்பும் வேகத்தைக் கீழ்ப்பாதியில் வையுங்கள், டைமிங் பூஜ்யம், இழுவை பிரேக் பூஜ்யம். லோ வோல்டேஜ் கட் செல்லுக்கு 3.4-க்கு அருகே. செல் எண்ணிக்கையைத் தானே கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல் கையால் 4 என்று கொடுக்க முடிந்தால் கொடுங்கள். 12.5 வோல்ட்டுக்கு இறங்கிய 4 செல் பாட்டரி, முழு சார்ஜ் ஏறிய 3 செல்லைப்போலத் தெரியும், ஈ.எஸ்.சி. ஏமாந்தால் பாட்டரி அடிவரை வடிந்துவிடும். டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்தால் மோட்டார் நிற்கிறதா என்று ஃபெயில்சேஃபையும் அப்போதே பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில் உறையில்லாத 31 மில்லிமீட்டர் பகுதியை வெட்டவோ மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டவோ கூடாது.

சக்தி கூடினால் அடுத்த அடி கியர் வரிசைக்குத்தான். அதிர்ச்சி வரும்போது வழுக்கிக்கொடுத்து கியரைக் காக்கும் ஸ்லிப்பர் கிளட்சை முழுக்க இறுக்கிவிடாதீர்கள். நின்ற நிலையிலிருந்து முழு த்ராட்டில் கொடுத்தால் முதல் ஓரடி, இரண்டடிக்கு அது வழுக்கும் சத்தம் கேட்கணும். கேட்கவில்லை என்றால் அந்த அதிர்ச்சி முழுவதும் ஸ்பர் கியருக்கும் நடு ஷாஃப்ட்டுக்கும் போகிறது. ரொம்ப நேரம் வழுக்கினாலும் பிளாஸ்டிக் ஸ்பர் கியர் உருகும்.

முதல் ஓட்டம் மூன்று நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மோட்டார் உடலுக்கு அருகே பிடித்துப் பாருங்கள். 60 டிகிரி செல்சியஸ் என்றால் நல்லது. இன்னும் மூன்று நிமிடம் ஓட்டி மறுபடி பார்க்கலாம். 80-ஐத் தொட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பினியனில் ஒரு பல் குறைத்துவிட்டுத்தான் அடுத்த ஓட்டம். வெளி உடல் 80 காட்டினால் உள்ளே சுற்றும் காந்தமும் இன்னும் சூடாக இருக்கும், சூட்டில் வலு இழந்த காந்தம் ஆறினாலும் பழைய வலுவுக்கு வராது. 23 டிகிரி குளிரில் 65-இல் நிற்கும் அமைப்பு, சென்னையின் மே மாத 38 டிகிரியில் 80-க்குப் போய்விடும். வெயில் காலத்துக்கென்று ஒரு பல் சிறிய பினியனைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. மூன்று ஓட்டம் சூடு கட்டுக்குள் இருந்தால் மட்டும் ஒரே ஒரு பல் ஏற்றிப் பாருங்கள், மறுபடி மூன்று நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.

அன்றைய ஓட்டம் முடிந்ததும் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். வயரைவிடக் கனெக்டர் சூடாக இருந்தால் உள்ளே சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை, பிரித்து மறுபடி செய்யணும். பினியன் ஸ்க்ரூவையும் மோட்டார் ஸ்க்ரூவையும் ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிட்டு, பாட்டரியைக் கழற்றி, ஆறவிட்டு, செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து எடுத்து வையுங்கள்.